கெட்டிமேளம் எவ்வளவு நேரம்

கல்யாணத்தில் எனக்கென்று கொடுத்த வேலை
இது ஒன்றுதான்.
சமையல் பெரியப்பா. பத்திரிகை மாமன்.
பொண்ணு பார்த்தது எல்லாரும்.
"மேளம் கீளமெல்லாம் அவனையே பாத்துக்கச் சொல்லுங்"
என்று விட்டுவிட்டார்கள்.

பல்லடம் ரோட்டு மண்டபத்தின் ஆபீஸ் அறை.
லேமினேட் செய்த அட்டையை நீட்டுகிறார் சம்பத்து.
செண்டை மேளம், பதினாறு பேர்,
பாலக்காட்டிலிருந்து வேனில் வருவார்கள், டீசல் தனி.
கீபோர்டும் ரெண்டு பாடகிகளும்.
டிஜே என்றால் பர்மிஷன் அவர்களே வாங்கிவிடுவார்கள்.
கடைசி வரியில் நாயனம் தவில்,
முகூர்த்தத்துக்கு மட்டும்.

"காரணம்பேட்டைக்காரங்க ட்ரோனே உட்டாங்க,
நாம செண்டையாச்சும் வெக்கோணும்."
பெரியப்பாவுக்கு அதோடு முடிந்தது.
பக்கத்து நாற்காலியில் அப்பா.
முப்பது வருஷம் தறிக்கொட்டகையில் நின்ற காது.
யார் பேசினாலும்
வாயைத்தான் பார்ப்பார்.

பெருந்துறைக்குப் போன் போட்டேன்.
"எதுன்னாலும் சரிங்க," என்றாள் நிரஞ்சனா,
"சத்தம் மட்டும் கம்மியா இருக்கட்டும்.
எனக்கு ஒத்தைத் தலைவலி."

தாளில் முதல்நாள் ராத்திரி, இணைச்சீர்
என்று எழுதி எதிரே கோடு போட்டிருந்தது.
அக்கா நிற்க வேண்டிய இடம் அது.
ஒன்பது வருஷமாக
சத்யகலா என்ற பேரை எங்கள் வீட்டு
ரேஷன் கார்டுகூடச் சொல்வதில்லை.
ரெண்டு பஸ் மாறினால் அவினாசி.
அவள் கட்டியவன் பேரைச் சொன்னால்
பெரியப்பாவுக்கு ரத்தக்கொதிப்பு.
கூடையைச் சித்தப்பா மகள் யசோதை தூக்குவாளாம்.

"இணைச்சீருக்கு எதுவும் வாசிக்க வேண்டாங்."
"சும்மா இருந்தா நல்லாருக்காதுங்களே?"
"சும்மா இருக்கட்டுங்."

"கெட்டிமேளம் எவ்வளவு நேரம் வாசிப்பீங்க?"
தவில்காரர் ஏகாம்பரம்
ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தார்.
"மூணு முடிச்சு விழற வரைக்குந்தானுங்.
அந்நேரம் யாராச்சும் தும்முனாக் கேக்கக் கூடாது,
அழுதாக் கேக்கக் கூடாது.
அதுக்குத்தானுங்களே அது."

நானும் அக்காவும் சத்தத்துக்குள் வளர்ந்தவர்கள்.
பன்னிரண்டு தறி ஓடும்.
அந்தக் கோடியில் அவள் தார் சுற்றுவாள்,
இந்தக் கோடியில் நான் வீட்டுப்பாடம்.
உதட்டை மட்டும் அசைப்பாள்:
பசிக்குதா. அப்பன் வர்றாரு.
அந்தக் கணக்கு தப்புடா.
ஓர் எழுத்து விடாமல் கேட்கும் எனக்கு.
கரண்ட் போனால்தான்
என்ன பேசுவதென்று தெரியாமல் நிற்போம்.

ஐந்நூறு பேர் உட்கார்ந்த மண்டபத்தில்
கைகழுவும் பக்கத்துக் கதவோரம் ஒருத்தி நின்று
மேடையைப் பார்த்து எதையோ சொன்னால்
அதை ஒருவன் மட்டும் கேட்பதற்கு
எவ்வளவு சத்தம் வேண்டும்?

"ஒருக்கா முழுசா வாசிச்சுக் காட்டுங்."
வண்டியில் கட்டியிருந்த தவிலை அவிழ்த்து வந்தார்.
அட்டை நடுங்கியது.
மேசைமேல் டீ டம்ளர் ஓரத்துக்கு நகர்ந்தது.
பெரியப்பா காதில் விரலை விட்டுக்கொண்டார்.
நான் ஜன்னல் பக்கம் திரும்பி
ஒத்திகை பார்த்தேன், உதட்டால் மட்டும்:
பின்வாசல் வழியா வா.
புள்ளையையும் கூட்டிக்கிட்டு வா.

கண்ணாடிக்குள் அப்பா
என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தவில் நின்றது.
"இதுக்குச் செண்டையே தேவலை" என்றார் பெரியப்பா.
அப்பா எழுந்து வந்து பேனாவை வாங்கினார்.
தவில் ஒன்று என்றிருந்ததை அடித்து
நாலு என்று எழுதினார்.
சட்டைப்பையிலிருந்து முன்பணத்தை எடுத்து
ரெண்டு தடவை எண்ணி வைத்தார்.
"பத்தாதுங்" என்றார் ஏகாம்பரத்திடம்,
தேவைக்குமேல் உரக்க,
"முடிச்சு உளுந்தப்பறமும் ரெண்டு நிமிஷம் வாசிக்கோணும்."
வெளியே செருப்பை மாட்டும்வரை
என் முகத்தைப் பார்க்கவேயில்லை.

ஒத்தைத் தலைவலிக்காரியிடம்
இனிமேல்தான் சொல்ல வேண்டும்.